மேடும் பள்ளமும்

(தொடர்கல்வி மையத்தில் பேசியது)



பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் அடுப்பில் உலை வைத்துவிட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். அதனால் நீட்டி முழக்கப் போவதில்லை. நம் எல்லோர் வீட்டிலும் நடக்கிற விஷயத்தைத்தான் பேசப் போகிறேன்.

வாழ்க்கையில் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. ஒரு மாதம் வேலை தொடர்ந்து கிடைக்கும். கையில் நாலு காசு இருக்கும். பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுப்போம். அடுத்த மாதம் மழை பிடித்துக்கொள்ளும். வேலை இருக்காது. அந்தப் புதுச் சட்டையோடு பிள்ளை காய்ச்சலில் படுத்துக் கிடக்கும்.

மழையை நாம் நிறுத்த முடியாது. விலைவாசியை நாம் தனியாக இறக்க முடியாது. ஆனால் பள்ளத்தில் கால் வைத்தபோது எவ்வளவு ஆழம் விழுகிறோம் என்பது பல நேரம் நம் பழக்கங்களைப் பொறுத்து இருக்கிறது. பக்கத்தில் யார் கை கொடுக்கிறார்கள் என்பதையும் பொறுத்து இருக்கிறது.

ஏழைக் குடும்பத்தைக் கீழே தள்ளுவதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று நோய். இன்னொன்று கடன். இந்த இரண்டிலும் நம் நாட்டு மக்களின் பழக்கத்தை மாற்றிய இரண்டு பேரைப் பற்றி இன்று சொல்கிறேன். ஒருவர் டாக்டர் திலீப் மகலநாபிஸ். 2022 அக்டோபர் 16-ஆம் தேதி கொல்கத்தாவில் காலமானார். அவருக்கு வயது 87. இன்னொருவர் இளா பட் அம்மையார். 17 நாள் கழித்து, நவம்பர் 2-ஆம் தேதி அகமதாபாத்தில் காலமானார். அவருக்கு வயது 89.

தண்ணீரை நிறுத்தும் பழக்கம்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? ‘தண்ணி கொடுக்காதே, இன்னும் போகும்’ என்பார்கள். ‘சாப்பாடு கொடுக்காதே, வயிறு காயட்டும்’ என்பார்கள். சிலர் தாய்ப்பாலைக்கூட நிறுத்தச் சொல்வார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. குழந்தை மேல் இருக்கும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். பார்த்தால் நியாயமாகவும் தோன்றும். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று தோன்றும்.

ஆனால் வயிற்றுப்போக்கில் குழந்தை சாவதற்குப் பெரிய காரணம் உடம்பில் இருக்கும் நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். நாற்று வாடுவது போலக் குழந்தை வாடிவிடும். கண் குழி விழும். வாய் உலரும். அழுதால் கண்ணீர் வராது. அந்த நேரத்தில் தண்ணீரை நிறுத்தினால், காயும் பயிருக்கு வாய்க்காலை அடைத்தது போல ஆகிவிடும்.

எல்லைப்புறத்தில் ஒரு முகாம்

1971-ஆம் ஆண்டு. இன்று வங்கதேசம் என்று சொல்கிறோமே, அது அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தது. அங்கே போர். சுமார் ஒரு கோடிப் பேர் உயிருக்குப் பயந்து இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் எல்லையை ஒட்டி போங்காவ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருந்த முகாமில் காலரா பரவியது.

டாக்டர் மகலநாபிஸ் குழந்தை மருத்துவர். அவர் போங்காவ் மருத்துவமனைக்குப் போனார். படுக்கை போதவில்லை. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். தரையெல்லாம் வாந்தியும் பேதியும். மண்டியிட்டுத்தான் அவர்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் காலரா என்றால் நரம்பில் ஊசி குத்தி உப்பு நீர் ஏற்றுவார்கள். அதைத்தான் சலைன் பாட்டில் என்கிறோம். அந்தப் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. ஊசி போடத் தெரிந்தவர்களும் போதவில்லை.

என்ன செய்வது? வாய் வழியாகவே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். மருத்துவமனைக்குள் சிலருக்குக் கொடுத்தும் பார்த்திருந்தார்கள். ஆனால் இப்படி ஒரு கூட்டத்தில், டாக்டர் இல்லாத இடத்தில், யாரும் துணிந்து கொடுத்ததில்லை. மகலநாபிஸ் துணிந்தார்.

குளூக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா மூன்றையும் கொல்கத்தாவில் எடை போட்டுப் பைகளில் அடைத்தார்கள். முகாமில் பெரிய பீப்பாய்களில் தண்ணீரோடு கலந்தார்கள். பீப்பாயில் குழாய் வைத்திருந்தார்கள். நோயாளியின் உறவினர்களே குவளையில் பிடித்து வந்து புகட்டினார்கள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். புகட்டியவர்கள் நர்சுகள் அல்ல. அம்மா மகனுக்குப் புகட்டினாள். அண்ணன் தங்கைக்குப் புகட்டினான். சொந்த ஊரையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்த ஜனங்கள். அவர்கள் கையில் ஒரு குவளையும் பொறுமையும்தான் இருந்தன. முதலில் மருத்துவ ஊழியர்களுக்கே நம்பிக்கை வரவில்லை. ஊசி இல்லாமல் வைத்தியமா என்று தயங்கினார்கள். அதனால் இதை ‘வாய் வழி சலைன்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். சலைன் என்றால் மக்கள் மதிப்பார்கள் அல்லவா?

இரண்டே மாதத்தில் சுமார் 3,700 பேருக்கு அங்கே இப்படி வைத்தியம் நடந்தது. அதற்கு முன் அங்கே காலராவால் வந்தவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். உப்புச் சர்க்கரை நீர் கொடுத்த பிறகு 100-க்கு 4 பேருக்கும் குறைவாக ஆயிற்று. இன்று உலகம் முழுவதும் ஓ.ஆர்.எஸ். என்று கொடுக்கிறார்களே, அது ஊருக்குள் வந்த வழி இதுதான். மகலநாபிஸுக்கு 2023-ஆம் ஆண்டு, அவர் மறைந்த பிறகு, பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

உப்பும் சர்க்கரையும் என்ன செய்கின்றன?

வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பேதி ஆகும்போது குடல் வெறும் தண்ணீரைச் சரியாக இழுத்துக்கொள்ளாது. சர்க்கரை இருந்தால் உப்பைக் குடல் உள்ளே இழுத்துக்கொள்ளும். உப்புப் போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும். சர்க்கரை கைபிடித்து உப்பைக் கூட்டிப் போகிறது, உப்பு தண்ணீரைக் கூட்டிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அளவு முக்கியம். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும்.

எப்படிக் கலக்குவது?

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர் அளந்து எடுங்கள். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் அதில் கொட்டிக் கலக்குங்கள். பாதிப் பாக்கெட், பாதித் தண்ணீர் என்று கண் அளவில் செய்யக் கூடாது. கலக்கிய நீரை மூடி வையுங்கள். 24 மணி நேரத்துக்குமேல் மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

பாக்கெட் கிடைக்கவில்லை என்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு போடுங்கள். பாக்கெட் கிடைக்கும்வரை இது கை கொடுக்கும். உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர் இவையும் கொடுக்கலாம்.

ஒவ்வொரு முறை பேதி ஆன பிறகும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை கொடுங்கள். பெரிய குழந்தைக்கு அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை கொடுங்கள். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க் மாத்திரை, 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள். பேதி நின்றுவிட்டது என்று நடுவில் விட்டுவிடாதீர்கள்.

குழந்தை துவண்டு கிடந்தால், குடிக்கவே முடியாமல் போனால், விடாமல் வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால், கண் குழி விழுந்தால், ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். போகும் வழியிலும், குடிக்க முடிகிறவரை புகட்டிக்கொண்டே போங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஷா பணியாளரிடமும் கிடைக்கும். கடையில் வாங்கினால் பாக்கெட்டை எழுத்துக் கூட்டிப் படித்து வாங்குங்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு, சர்க்கரை அதிகமாக உள்ள பானங்களை அட்டைப் பெட்டியில் அடைத்து விற்றுவந்தார்கள். ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவர் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில், மருந்துக்குரிய அளவில் இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தேதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். நாம் படிக்கக் கற்றது இதற்கும் உதவ வேண்டும்.

வீடு வீடாகப் போனவர்கள்

மருந்து கண்டுபிடித்தாயிற்று. அளவும் தெரிந்தாயிற்று. உடனே எல்லோர் பழக்கமும் மாறிவிட்டதா? மாறவில்லை. பக்கத்து நாடான வங்கதேசத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை கிராமம் கிராமமாகப் பெண் ஊழியர்களை அனுப்பியது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அளந்த தண்ணீர். இதை ஒவ்வொரு தாயும் தன் கையால், தன் வீட்டுப் பாத்திரத்தில் கலக்கிக் காட்ட வேண்டும். ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். பிறகு வேறொருவர் வந்து அந்தத் தாய்க்கு நினைவிருக்கிறதா என்று கேட்பார். தாய் சரியாகச் சொன்னால்தான் ஊழியருக்கு முழுச் சம்பளம். நாம் சொன்னோமா என்பதற்குச் சம்பளம் இல்லை. அவள் கற்றாளா என்பதற்குத்தான் சம்பளம்.

அப்படியும் ஆரம்பத்தில் பலர் கலக்கிக் கொடுக்கவில்லை. ஏன் என்று விசாரித்தார்கள். இரண்டு காரணம் தெரிந்தது. சொல்லிக் கொடுத்த ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. தங்களுக்குப் பேதி வந்தபோது அவர்கள் வேறு மருந்து தேடினார்கள். இரண்டாவது, வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஊழியர்களுக்கு முதலில் புரியவைத்தார்கள். ஆண்கள் கூடும் இடங்களுக்கும் போய்ப் பேசினார்கள். பத்து ஆண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். அதன் பிறகு அது நாட்டுப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

காலையில் வாங்கி, மாலையில் கட்டும் கடன்

இனி இரண்டாவது பள்ளத்துக்கு வருவோம். அது கடன்.

ஒரு காய்கறிக்காரி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் 500 ரூபாய் கடன் வாங்குகிறாள். சரக்கு எடுக்கிறாள். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து விற்கிறாள். மாலையில் 550 ரூபாயாகத் திருப்பிக் கட்டுகிறாள். 50 ரூபாய்தானே என்று தோன்றும். மாதம் 25 நாள் இப்படி வாங்கினால் வட்டி மட்டும் 1,250 ரூபாய். அசல் அதே 500 ரூபாய்தான். அது ஒரு நாளும் அவளுக்குச் சொந்தம் ஆகாது.

இதையே வேறு விதமாகக் கணக்குப் போடுங்கள். அவள் நாளுக்கு 10 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் 50 நாளில் 500 ரூபாய். 51-ஆம் நாள் காலையில் சொந்தப் பணத்தில் சரக்கு எடுக்கலாம்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. செய்வது கஷ்டம். வீட்டில் பணத்தை எங்கே வைப்பாள்? அரிசிப் பானையில் வைத்தால் ஒருவர் கண்ணில் படும். புடவை மடிப்பில் வைத்தால் பிள்ளைக்கு நோட்டு வாங்க வேண்டும் என்று செலவாகும். வங்கிக்குப் போனால் 10 ரூபாயைக் கொண்டுவந்து நிற்கிறாளே என்று முகம் சுளிப்பார்கள். கூடையோடும் குழந்தையோடும் வரிசையில் நின்றால் அன்றைய வியாபாரமும் போய்விடும்.

ஒரே இரவில் கற்ற கையெழுத்து

அகமதாபாத்தில் இந்தக் கஷ்டத்தைப் பார்த்தவர் இளா பட். அவர் வக்கீல். தலைச்சுமை தூக்குவோர், காய்கறி விற்போர், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்போர், இவர்களைச் சேர்த்து 1972-இல் ‘சேவா’ என்ற சங்கத்தைப் பதிவு செய்தார். சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கம் அது.

ஒரு கூட்டத்தில், பழைய துணி வியாபாரம் செய்யும் ஒரு பெண், நாமே ஒரு வங்கி தொடங்கினால் என்ன என்று கேட்டார். நம்மிடம் பணம் ஏது என்ற கேள்வி வந்தது. ஏழைகள்தான், ஆனால் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதே அவர் தந்த பதில்.

ஆளுக்கு 10 ரூபாய் போட்டார்கள். 4,000 பெண்கள் சேர்ந்தார்கள். 40,000 ரூபாய் ஆயிற்று. ஆனால் வங்கியைப் பதிவு செய்வதில் ஒரு சிக்கல் வந்தது. முன்னின்ற பெண்களுக்கே கையெழுத்துப் போடத் தெரியவில்லை. படிக்காத பெண்களை வைத்து வங்கி எப்படி நடக்கும் என்ற சந்தேகம் கிளம்பியது. அந்தப் பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். நமக்கு முதன்முதலில் நம் பெயரை எழுதிய நாள் ஞாபகம் இருக்கும். கை எப்படி நடுங்கியது! பாரம் தூக்கிக் காய்ப்புக் காய்ந்த கைகள் ஒரே இரவில் அதைக் கற்றன. மறுநாள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். 1974-இல் சேவா வங்கி பிறந்தது.

அந்த வங்கி பெண்களிடம் எப்படி நடந்துகொண்டது என்பது முக்கியம். எழுதத் தெரியாதவர்களை வெளியே நிறுத்தவில்லை. கணக்கு எண் எழுதிய பலகையைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தது. அந்தப் படமே அடையாளம். பணம் வாங்க ஆளை வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் அனுப்பியது. கணக்கு அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருந்தது. அடகு வைத்த நகையை மீட்கவும், வட்டிக்காரரின் கடனை அடைக்கவும் கடன் கொடுத்தது.

பிறகு நாடெங்கும் இந்த வழி பரவியது. 1992-இல் நபார்டு வங்கி 500 சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று குழு இல்லாத ஊரைப் பார்ப்பது அரிது. 2014-இல் வந்த ஜன் தன் திட்டத்தில், பணம் எதுவும் இல்லாமலே கணக்குத் தொடங்கலாம்.

ஆனால் வட்டிக்காரரும் புதிய வேஷத்தில் வந்திருக்கிறார். இப்போது கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறார். ஐந்து நிமிஷத்தில் கடன் என்று ஆசை காட்டுகிறார். அதில் மாட்டிக்கொண்டால் நம் உறவினருக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்குகிறார்கள். வட்டி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, கொடுப்பவர் யார் என்று முழுதும் படிக்காமல் எதற்கும் ‘சரி’ என்று அமுக்காதீர்கள்.

பழக்கம் எப்படி மாறுகிறது?

இரண்டு கதையையும் சேர்த்துப் பாருங்கள். முகாமில் இருந்த தாயிடம் யாரும் ‘உனக்கு அறிவில்லையா’ என்று கேட்கவில்லை. குவளையைக் கையில் கொடுத்தார்கள். அகமதாபாத்துக் காய்கறிக்காரியிடம் யாரும் ‘சேமிக்கத் தெரியாதவளே’ என்று சொல்லவில்லை. அவள் கூடைக்கு அருகே வந்து நின்று 10 ரூபாயை மரியாதையாக வாங்கிப் புத்தகத்தில் எழுதினார்கள்.

திட்டினால் மனிதர் பழக்கத்தை மறைப்பார்கள். மாற்ற மாட்டார்கள். வயதான மாமியார், ‘தண்ணி கொடுக்காதே’ என்றால் அவரோடு சண்டை போட வேண்டாம். ‘அத்தை, நீங்களே இந்த ஸ்பூனால் கொடுங்கள். பிள்ளை உங்களிடம்தான் குடிப்பான்’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் பேரனின் கண்ணில் தெளிவு வருவதை அவரே பார்ப்பார். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அவரே போய்க் கலக்கிக் கொடுப்பார்.

உதவி என்றால் பெரிய தொகை வேண்டும் என்று நினைக்கிறோம். இரவு முழுக்கக் குழந்தைக்குப் புகட்டிய தாய்க்கு, விடியற்காலையில் ஒரு மணி நேரம் தூங்கக் கிடைத்தால் அதுதான் பெரிய உதவி. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்பூனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். குழுவில் ஒருத்தி இந்த வாரம் பணம் கட்ட முடியாமல் தலைகுனிந்து நிற்கிறாள். அவள் வீட்டில் என்ன நடந்தது என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது ஓர் உதவி. வங்கியில் சீட்டு நிரப்பத் தெரியாமல் பேனாவோடு நிற்பவருக்கு, நாம் எழுதிக் கொடுக்கலாம். எப்படி எழுதுவது என்று காட்டியும் கொடுத்தால் அடுத்த முறை அவரே எழுதுவார்.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று வேலை செய்யுங்கள். இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அதைக் கலக்கும் முறையை வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும் செய்து காட்டுங்கள். ஒரு நோட்டில் இன்றைய தேதி போட்டு, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு எடுத்து வைத்தோம் என்று மூன்று வரி எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. கணக்குப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.



கூடிப் பேசுவோம்

1. உங்கள் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் என்ன செய்கிறீர்கள்? அதில் எதை மாற்ற வேண்டும்?

2. ஒரு லிட்டர் தண்ணீரை அளக்க உங்கள் வீட்டில் எந்தப் பாத்திரம் இருக்கிறது? அளந்து பார்த்து அதில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

3. நாளுக்கு 10 ரூபாய் சேர்த்தால் ஒரு வருஷத்தில் எவ்வளவு ஆகும்? நாளுக்கு 50 ரூபாய் வட்டி என்றால் மாதம் 25 நாள் வீதம் ஒரு வருஷத்தில் எவ்வளவு போகும்? இரண்டையும் பலகையில் எழுதிப் பாருங்கள்.

4. சென்ற மாதம் உங்களுக்கு யாராவது செய்த சின்ன உதவி ஒன்றைச் சொல்லுங்கள். அதை நான்கு வரியில் எழுதுங்கள்.